அண்ணாச்சியிடம் கேட்கப் போன பச்சைக் குடம்

ஓர் ஊரின் நடுவில், நான்கு கால்களின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றது. நல்ல உயரம். பெரிய வயிறு. ஊரில் இருந்த குடம், வாளி, அண்டா, செம்பு எல்லாம் அதை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

அண்ணாச்சி நல்லவர். சிக்கலே அதுதான்.

கெட்டவராக இருந்திருந்தால் யாராவது என்றைக்கோ கேள்வி கேட்டிருப்பார்கள். இவரை யார் கேட்பது? பஞ்சம் வந்த வருஷம் அடிவயிற்றில் கிடந்த கலங்கல் தண்ணீரையும் தெளியவைத்து ஊருக்குக் கொடுத்தவர். புயலில் பனைமரங்கள் சாய்ந்தபோதும் சாயாமல் நின்றவர். காலையில் குடங்கள் அவரை நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் குழாயடிக்குப் போகும்.

அந்த ஊரின் கடைசித் தெருவுக்குக் கொஞ்ச காலமாகத் தண்ணீர் வரவில்லை. குழாய் இருமும். காற்று வரும். பிறகு சளி பிடித்த பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவதுபோல நாலு சொட்டு. அவ்வளவுதான்.

ஆனாலும் வரிசை இருந்தது. அந்தத் தெருவில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. குடத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வைக்கக் குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைப்பார்கள். செங்கல்லுக்கும் அதே மரியாதை. யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள்.

வரிசையில் முதலாவது முப்பிடாதி வீட்டுப் பச்சைக் குடம். பிளாஸ்டிக். வாயோரம் ஒரு வெடிப்பு. கரண்டியைக் காயவைத்து, முப்பிடாதியே அதை உருக்கி ஒட்டியிருந்தாள்.

அன்று காலையில் குடத்தை வைக்கும்போது முப்பிடாதி, எதிர்வீட்டுப் பேராச்சியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பொன்மலரு மாமியா வீட்டுல இருந்து ஆள் வந்துச்சுக்கா."

"என்ன சொல்லுதாங்க?"

"வளைகாப்பு நடத்துங்க, வேண்டாங்கல. ஆனா பிள்ளைய உங்க தெருவுக்கு அனுப்ப மாட்டோம்ங்காங்க. தண்ணியில்லாத வீட்டுல பிள்ளை பெத்தவளை எப்படி வச்சுப் பாப்பீயன்னு கேக்காங்க."

"கேட்டதுல தப்பு இல்லையேட்டி."

"தப்புன்னு நான் சொன்னேனா? எனக்கு ஒரே பிள்ளை. தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வராம அவ எங்க போவா?" முப்பிடாதி முந்தானையால் குடத்தின் வாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா நேர்ல வாராங்களாம். குழாய்ல தண்ணி வந்தா கூட்டிட்டுப் போன்னுட்டாங்க. வரலைன்னா அங்கனயே வச்சுக்கிடுவாங்களாம்."

இருவரும் பீடி சுற்றப் போய்விட்டார்கள்.

பச்சைக் குடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது. பொன்மலரைச் சின்னப் பிள்ளையில் இருந்தே அதற்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடத்தின் மேல் தாளம் போடுவாள்.

"ஏ குழாயே," என்றது பச்சைக் குடம். "இன்னைக்காவது விடுவியா?"

குழாய் இருமியது. "வச்சுக்கிட்டா வஞ்சனை செய்யுதேன்? மேல இருந்து வந்தாத்தானே நான் விட?"

"தினமும் இதே பாட்டு!" என்றது பின்னால் நின்ற சில்வர் குடம். வாத்தியார் வீட்டுக் குடம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். "இது சுத்தச் சோம்பேறிக் குழாய். பக்கத்துத் தெருக் குழாயைப் பாரு, எவ்வளவு சுறுசுறுப்பு!"

"அந்தத் தெரு தொட்டிக்குப் பக்கம்க்கா. மிச்சம் இருந்தாத்தான் எனக்கு வரும்," என்றது குழாய். "என்னைத் திட்டி என்ன செய்ய? அண்ணாச்சிகிட்டப் போயிக் கேளுங்க."



"யாரை? அண்ணாச்சியவா?" என்று பதறியது சில்வர் குடம். "வாய் அழுகிரும். அவர் மனசு எவ்வளவு சங்கடப்படும்! நம்மளைச் சந்தேகப்படுதாங்களேன்னு நினைக்க மாட்டாரா?"

"சந்தேகம் இல்லக்கா. சும்மா கேக்கதுதானே," என்றது பச்சைக் குடம்.

"பெரியவங்ககிட்டச் சும்மா கேக்கதுன்னு ஒண்ணு உண்டா?"

வரிசையின் கடைசியில் இருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. செங்கல். "நான் போறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். "உனக்கு எதுக்குல தண்ணி? உள்ள ஊத்தினா நிக்குமா?"

"எனக்குத் தண்ணி வேண்டாம். நின்னு நின்னு வெறுத்துப்போச்சு. எதுக்கு நிக்கோம்னு தெரிஞ்சா நல்லா நிப்பேன்லா."

பச்சைக் குடம் வரிசையை விட்டு வெளியே வந்தது. அந்தத் தெருவில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. தண்ணீர் பிடிக்காமல் ஒரு குடம் தன் இடத்தை விடுவதா?

"இடம் போயிரும்ட்டி!" என்று கத்தியது சில்வர் குடம்.

"பாத்துக்கோக்கா. நம்பித்தான் போறேன்," என்று சொல்லிவிட்டுக் குடம் உருண்டது. செங்கல் பின்னால் குதித்துக் குதித்துப் போனது.

*

அண்ணாச்சி அன்று அழகாக இருந்தார். சமீபத்தில்தான் அவருக்கு வெள்ளி விழா நடந்திருந்தது. உடம்பெல்லாம் வானநீலப் பெயின்ட். விழாவுக்கு முந்தின நாள் பிரஷ்ஷைக் கூப்பிட்டு, "ஒரு இடம் விடக்கூடாது பாத்துக்கோ" என்று அவரே சொல்லியிருந்தார். பிரஷ்ஷும் விடவில்லை.

"யாரது? முப்பிடாதி வீட்டுப் பிள்ளையா? வா தாயி!" என்றார் அண்ணாச்சி, மேலே இருந்து. "வாய் வெடிப்பு எப்படி இருக்கு? ஒட்டினது பிடிச்சுக்கிட்டா? பேராச்சி வீட்டு வாளிக்குக் கைப்பிடி போச்சுன்னு கேள்விப்பட்டேன், மாட்டியாச்சா?"

இப்படித்தான். ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரிப்பார். விசாரிப்பு முடிவதற்குள் வந்தவர்கள் கேட்க வந்ததை மறந்து, கண் கலங்கித் திரும்பிப் போவார்கள்.

பச்சைக் குடமும் திரும்பப் பார்த்தது. செங்கல் ஓர் இடி இடித்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். எங்க தெருத் தண்ணி எங்க போகுது?"

அண்ணாச்சி முகம் மாறியது.

"என்னையா கேக்கே?"

"உங்களைத்தான் அண்ணாச்சி."

"அப்ப நான் குடிச்சுட்டேன்னு சொல்லுதியா?"

"அய்யய்யோ! அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னே? பஞ்சத்துல உங்களைக் காப்பாத்தினது யாரு?"

"நீங்கதான்."

"பிறகு?"

"பஞ்சத்துல காப்பாத்தினீய. அதுக்குத் தினமும் கும்பிடுதோம். இது இந்த மாசத்துத் தண்ணி."

அண்ணாச்சி தன் காலைக் காட்டினார். அந்தக் காலில்தான் மட்டக்காட்டி இருந்தது. மட்டக்காட்டி ஒல்லியான ஆள். அடியில் இருந்து மேல்வரை கோடு கோடாக ஓர் அளவு, அதில் ஒரு முள், முள்ளோடு கட்டிய ஒரு கம்பி. கம்பியின் மறுமுனையில், தொட்டிக்குள்ளே ஒரு மிதவை. தண்ணீரோடு மிதவை ஏறினால் வெளியே முள் இறங்கும். தண்ணீர் குறைந்து மிதவை இறங்கினால் முள் ஏறும். முள் அடியில் நின்றால் தொட்டி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

முள் அடியில் நின்றது.

"பாத்தியா? வயிறு முழுக்கத் தண்ணி. அவ்வளவும் உங்களுக்குத்தான். உங்க தெருக் குழாய்தான் சரியில்ல. அதுக்கு ஒரு முடிவும் எடுத்தாச்சு. நாளைக்குக் காலைல ரெஞ்சு வருது. குழாயைக் கழட்டி எடுத்திரும்."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு என்ன, அடைப்புத்தான். உபயோகமில்லாத குழாய் எதுக்கு? நானு, மோட்டார், வால்வு மூணு பேரும் உக்காந்து நல்லா யோசிச்சுப் பேசித்தான் தீர்மானம் போட்டோம்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீயளா?"

"நீங்க வரிசைல நின்னுக்கிட்டிருந்தீய. வேலையா இருக்கவங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்னு பாத்தோம்," என்றார் அண்ணாச்சி. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அவர் அப்படிப்பட்டவர்.

நாளைக்குக் குழாய் இருக்காது. வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா வந்து அடைப்பைப் பார்த்துவிட்டுப் போவாள். பச்சைக் குடம் மட்டக்காட்டியின் பக்கம் திரும்பியது.

"அண்ணே, உண்மையிலே நிறைய இருக்கா?"

மட்டக்காட்டி பேசவில்லை.

"உங்களைத்தான் அண்ணே."

செங்கல் கிட்டப் போய் உற்றுப் பார்த்தது. "இந்தா பாரு. இவன் வாயோட சேத்துப் பெயின்ட் அடிச்சிருக்கு. முள்ளு ஒட்டிப்போய்க் கெடக்கு."

"ஏல, அந்தப் பெயின்ட்டைத் தொடாத!" என்றார் அண்ணாச்சி. "புதுசு."

செங்கல் யாரிடமும் அனுமதி கேட்டுப் பழகாதது. முள்ளின் மேல் முதுகை வைத்து ஒரு தேய், மறுபடி ஒரு தேய். நீலம் உரிந்து தூளாகக் கொட்டியது. முள் ஓர் ஆட்டம் ஆடியது. பிறகு சர்ரென்று மேலே ஏறியது. பாதியில் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே போய்த்தான் நின்றது.

மட்டக்காட்டி இருமி, துப்பி, மூச்சு விட்டது. "அப்பாடி! விழாவுக்கு முந்தின நாள்ல இருந்து கத்துதேன். ஒருத்தர் காதுலயும் விழல. அண்ணாச்சி, உங்க வயித்துல ஒண்ணும் இல்ல. அடில கொஞ்சம் கெடக்கு."

அண்ணாச்சி சிரித்தார். "விளையாடாத."

"உள்ள பாருங்க."

அண்ணாச்சி தனக்குள்ளேயே குனிந்து பார்த்தார். எத்தனையோ நாளாக அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. வெளியே முள்ளைப் பார்ப்பார், சந்தோஷப்படுவார், அத்தோடு சரி. பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என் தண்ணிய யாரு எடுத்தா?" குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "வால்வு! ஏல வால்வு!"

காலடியில் ஒரு குழி. குழிக்கு இரும்பு மூடி. மூடியைத் தூக்கிக்கொண்டு வால்வு எட்டிப் பார்த்தது. "சொல்லுங்க."

"தண்ணி எங்கல?"

"நாலுமுக்குல அழகுக்கு வச்ச நீரூற்றுக்குப் போகுது. விழா அன்னைக்குத் திறக்கச் சொன்னீயல்லா?"

"விழா முடிஞ்சுட்டேல!"

"முடிஞ்சுது. திறக்கச் சொன்னீய, திறந்தேன். மூடச் சொல்லலையே."

"உனக்கு அறிவு வேண்டாமா?"

"அறிவு இருந்துதான் போன மாசம் கேட்டேன். 'ஊரு அழகா இருக்குல்லா, இருந்துட்டுப் போகுது'ன்னீய. நீங்க சொன்னதைத்தான் நான் செஞ்சேன்." வால்வு மூடியைப் போட்டுக்கொண்டது. உள்ளே இருந்து இன்னும் ஒரு வார்த்தை வந்தது: "அந்த நீரூற்றும் பாவம். ஆடிக்கிட்டே இருக்கு. பாக்க ஒரு ஆளு வரல. காக்காதான் குளிக்கு."

திருடன் யாராவது இருந்திருந்தால் அண்ணாச்சிக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

*

பிறகு குனிந்து, ரகசியமாகச் சொன்னார். "தாயி, வால்வை இப்பவே மூடச் சொல்லிருதேன். இது நம்மளோட இருக்கட்டும். வெளிய தெரிய வேண்டாம்."

குடம் கொஞ்சம் பின்னால் உருண்டது.

"உன் சங்கதி எனக்குத் தெரியும். பொன்மலரு பிரசவத்துக்கு வரணும், அதானே? வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா வாரதுக்கு முன்னாடி இங்கன வா. உன்னை வாய்வரைக்கும் நிரப்பி அனுப்புதேன். தினமும் வா. உனக்கு மட்டும் எப்பவும் உண்டு. போதுமா?"

பச்சைக் குடம் அசந்துபோனது. வாய்வரைக்கும்! எத்தனை நாளாயிற்று அப்படி நிறைந்து! முப்பிடாதி இடுப்பில் ஏறி, கொஞ்சம் சிந்திக்கொண்டே போய், சம்பந்தியம்மா கண்முன்னால் அடுப்படியில் உட்கார்ந்தால்? பொன்மலர் வந்துவிடுவாள். கை நிறைய வளையலோடு வருவாள். வேறு என்ன வேண்டும் ஒரு குடத்துக்கு?

அது செங்கல்லைப் பார்த்தது. செங்கல் வேறு பக்கம் பார்த்தது. இதை அதுவாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"அண்ணாச்சி," என்றது கடைசியில். "சம்பந்தியம்மா பாத்துட்டுப் போயிருவாங்க. பிள்ளை அதுக்கு அப்புறமும் அங்கனதானே இருக்கும்? குளிப்பாட்டணும். துணி அலசணும். ஒரு குடத்துல என்ன நடக்கும்? குழாய்ல வரட்டும்."

"வரும்னு சொல்லுதேன்லா?"

"இன்னைக்கு வரும். அடுத்த விழா வரும்போது?"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "அப்ப என்னை என்னதான் செய்யச் சொல்லுதே?"

"எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்க. எவ்வளவு வந்துச்சு, எங்க போச்சு, யாரு எதுக்காகத் திறந்தா. இனிமே குழாயை எடுக்கதுன்னாலும், ஒண்ணைப் புதுசாத் திறக்கதுன்னாலும் எங்களையும் கேட்டுட்டுச் செய்ங்க."

"எல்லார்கிட்டயுமா! நான் உயரத்துல நிக்கேன் பிள்ள. காலைல எந்திரிச்சு என்னைத்தான் பாக்காங்க. பிறகு என் முகத்துல எப்படி முழிப்பாங்க?"

"இப்ப மாதிரியேதான் அண்ணாச்சி. கொஞ்சம் பக்கத்துல வந்து முழிப்போம்."

"ரெஞ்சைத் திருப்பி அனுப்பினா போதாதா?"

"போதாது."

"பிடிவாதக்காரி."

"உங்க தண்ணிதானே குடிச்சு வளந்தேன்," என்றது குடம்.

அண்ணாச்சியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சரி என்று அவர் சொல்லவில்லை. குடமும் செங்கல்லும் காலியாகத்தான் திரும்பின.

*

மறுநாள் விடிந்ததும் கடைசித் தெருவுக்கு ரெஞ்சு வந்தது. தடித்த ஆள். குழாயின் கழுத்தில் பல்லை வைத்தது.

"யாரு சொன்னா?" என்றது செங்கல்.

"தீர்மானம்."

"அது யாரு?"

"எனக்கு என்ன தெரியும்? கழட்டுன்னா கழட்டுவேன்."

பச்சைக் குடம் குழாய்க்கும் ரெஞ்சுக்கும் நடுவில் போய் நின்றது. வெடித்த வாய் வேறு. ரெஞ்சு ஒரு திருகு திருகினால் அதற்குத் தாங்காது. சில்வர் குடம், "வந்துரு ஏட்டி, வந்துரு" என்று அழ ஆரம்பித்தது.

அப்போதுதான் தொட்டிப் பக்கம் இருந்து அந்தக் குரல் வந்தது. ஊர் முழுக்கக் கேட்டது.

"ஏல ரெஞ்சு! விடு அதை. எல்லாரும் இங்கன வாங்க. குடம், வாளி, அண்டா ஒண்ணு பாக்கி இல்லாம வாங்க. செங்கல்லும் வரட்டும்."

போனார்கள். தொட்டியின் நிழல் முழுக்கக் குடங்கள். அண்ணாச்சி பேச ஆரம்பித்தார். ஆறுதல் சொல்லிப் பழகியவருக்குக் கணக்குச் சொல்ல வரவில்லை. திக்கினார். மோட்டார் நாள்தோறும் எவ்வளவு ஏற்றியது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது, நீரூற்றுக்கு எவ்வளவு போனது என்று மட்டக்காட்டி எடுத்துக் கொடுக்கக் கொடுக்கச் சொன்னார். திறக்கச் சொன்னது தானே என்றார். மூடாமல் விட்டதும் தானே என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

சில்வர் குடத்தால் தாங்க முடியவில்லை. "போதும் அண்ணாச்சி! நாங்க உங்களை நம்புதோம். நீங்க வருத்தப்படாதீய."

"நம்புதோம்க்கா. அதனாலதான் முழுசாக் கேக்கோம்," என்றது பச்சைக் குடம். "சொல்லுங்க அண்ணாச்சி. மிச்சத்தையும் சொல்லுங்க."

மிச்சத்தையும் சொன்னார். அடிச்சுவரில் ஓர் இடத்தில் கசிவு இருப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. வெட்கப்பட்டு அவர் யாரிடமும் சொல்லவில்லையாம். வலி வேறு இருந்ததாம்.

"வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று வாளி ஒன்று அதட்டியது.

"நீங்க யாரும் கேக்கலையே," என்றார் அண்ணாச்சி.

கும்பிட்ட நேரத்தில் கேட்டிருக்கலாம்.

நீரூற்றை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. உடைத்துப் போடலாம் என்றது ரெஞ்சு. யாரும் சம்மதிக்கவில்லை. பொங்கல் அன்றைக்கும் கோயில் கொடைத் திருவிழா அன்றைக்கும் ஆடட்டும், அன்று எல்லாரும் போய்ப் பார்ப்போம், மற்ற நாள் ஓய்வு என்று முடிவானது. நீரூற்றுக்கே அதில்தான் சந்தோஷம்.

*

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா வந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம். வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்தாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

"இன்னைக்கு வருது," என்றாள். "நாளைக்கும் வருமா?"

முப்பிடாதி தெருமுனையைக் காட்டினாள். அங்கிருந்து பார்த்தால் தொட்டியின் கால் தெரியும். "அந்த முள்ளைப் பாருங்க. அது சொல்லும்."

சம்பந்தியம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "பாதிதானே காட்டுது?"

"பாதிதான் இருக்கு. சாயங்காலந்தான் மோட்டார் தண்ணி ஏத்தும். கசிவை வேற அடைச்சுக்கிட்டிருக்காங்க."

பச்சைக் குடத்துக்குப் பொறுக்கவில்லை. முழுசு என்று சொல்லியிருக்கக் கூடாதா இந்த முப்பிடாதி?

சம்பந்தியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "முன்னால ஒரு தடவை வந்தேன். அப்ப அந்த முள்ளு முழுசுன்னு காட்டிச்சு. இங்கன ஒரு சொட்டு இல்ல. அன்னைக்குத்தான் எனக்கு இந்த ஊரு மேல நம்பிக்கை போச்சு." செருப்பைக் கழற்றிவிட்டு முப்பிடாதியின் வீட்டுப் படியேறினாள். "வளைகாப்பு முடிஞ்ச கையோட பிள்ளையக் கூட்டிட்டு வந்துரு. காப்பி இருக்கா?"

*

அதன்பிறகு குடங்கள் தினமும் போய்க் கேட்க ஆரம்பித்தன. எவ்வளவு வந்தது? எங்கே போனது? அண்ணாச்சி முதலில் முனகினார். "காலைல எந்திரிச்சதும் விசாரணைதானா?" என்பார். பிறகு பழகிவிட்டது. பிறகு, குடங்கள் தெரு திரும்பும்போதே, "மோட்டார் நேத்து அரை நேரந்தான் ஓடுச்சு, கரண்ட் இல்ல, வேற ஒண்ணும் இல்ல" என்று அங்கிருந்தே கத்துவார்.

ஒரு நாள் காலையில் யாரும் வரவில்லை.

அண்ணாச்சி காத்திருந்தார். வெயில் ஏறியது. தெருமுனையைப் பார்த்தார். மட்டக்காட்டியிடம் கேட்டார், அதற்கும் தெரியவில்லை. நேற்று ஏதாவது கூடக் குறையச் சொல்லிவிட்டோமா என்று யோசித்தார். உள்ளே குனிந்து ஒரு முறை பார்த்துக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

உச்சி வெயிலில் பச்சைக் குடம் அந்த வழியாக ஓடியது. வாய்வரைக்கும் தண்ணீர். சிந்திக்கொண்டே ஓடியது.

"ஏட்டி, நில்லு!" என்றார் அண்ணாச்சி. குரல் கம்மியிருந்தது. "இன்னைக்கு ஒருத்தரும் கேக்க வரல. என் மேல என்ன கோவம்?"

"கோவமா! பொன்மலருக்குப் பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்துட்டா அண்ணாச்சி. பொம்பளப் பிள்ளை. தெருவே அங்கனதான் நிக்கு. குளிப்பாட்டத் தண்ணி கொண்டுக்கிட்டு ஓடுதேன்."

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "ஓடு தாயி, ஓடு. நின்னு பேசிக்கிட்டிருக்காத."

குடம் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சொன்னது:

"நாளைக்கு வந்து ரெண்டு நாளுக்கும் சேத்துக் கேக்கோம்!"